நங்கூரத்தில் நிற்கும்போது மின்னல் வந்தால்: குடும்பத்தோடு பாய்ப்படகில் போகிறவர்களுக்கு

நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் வளவில் வேலியோரம் நின்ற பனையில் ஒரு இரவு மின்னல் விழுந்தது. விடிய எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தோம். வட்டு கருகிப்போயிருந்தது. உச்சியிலிருந்து அடிவரை கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அடியில் வேர்ப்பக்கம் மண் கிளம்பியிருந்தது. பத்தடி தள்ளி நின்ற முருங்கைக்கு ஒன்றும் இல்லை. "உயர நிண்டது வாங்கிக்கொண்டுது" என்றா அம்மம்மா.

யாழ்ப்பாணம் தட்டையான நிலம், அதனால் பனைதான் உயரம். கடல் அதைவிடத் தட்டை. தீவுப்பக்கம் நங்கூரம் போட்டு நிற்கும் பாய்ப்படகைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்கு வேறெதுவும் தலைதூக்கி நிற்காது. அந்த இடத்தில் உங்கள் பாய்மரம்தான் தனிப்பனை.

சொந்தமாகப் படகெடுத்து, மனைவி பிள்ளைகளோடு கடலில் ஒரு இரவு தங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே சொல்லப்போகும் எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். முதல் முழக்கம் கேட்பதற்கும் முதல் காற்று அடிப்பதற்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். படகின் மேல்தட்டில் செய்யவேண்டிய வேலை முழுவதும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் மேலே போகக்கூடாது. நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் நல்லதல்ல.

ஏழு வருடத்துக்கு முன், ஒரு ஐப்பசிப் பின்னேரம். 26 அடிப் பைபர் படகு. நான், மனைவி, மகள், மகன். ஊர்காவற்றுறைக்குக் கிழக்கே, வேலணைக் கரைக்கு வடக்குப் பக்கமாக மூன்று மீற்றர் தண்ணீரில் நங்கூரம் போட்டிருந்தோம். சோளகத்தின், அதாவது தென்மேல் பருவக்காற்றின், மிச்சம் மெல்ல வீசிக்கொண்டிருந்தது, அதற்குக் கரை நல்ல மறைப்பு. தென்கிழக்கே பூநகரிப் பக்கம் முழங்கியது. தூரத்தில்தானே என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் சும்மா போயிற்று. பிறகு காற்று ஒரு நிமிடம் செத்தது. அடுத்த நிமிடம் தென்கிழக்கிலிருந்து அறைந்தது. படகு சுழன்று திரும்பி நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகத் தொடங்கியது. பின்னால் நூறு மீற்றரில், மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்டித் தடிகள் வரிசையாக நின்றன.

மழைக்குள் அணியத்துக்கு, படகின் முன்முனைக்கு, ஓடினேன். நனைந்த சங்கிலியைக் கையால் பிடித்து விட்டுக்கொண்டு நின்றபோது மின்னல் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஒரு கையில் சங்கிலி, தோள் முன்கம்பியில் சாய்ந்திருக்கிறது, தலைக்கு மேல் ஒன்பது மீற்றர் அலுமினியம். "இஞ்சேருங்கோ, விட்டிட்டு உள்ளுக்கை வாங்கோ" என்று மனைவி கத்தியது எனக்குக் கேட்கவேயில்லை, பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். நங்கூரம் எங்கோ பிடித்தது, நாங்கள் தப்பினோம். நான் செய்தவற்றில் ஒன்றையும் நீங்கள் செய்யாதீர்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

நம் பக்கம் இடிமின்னல் கூடிய காலம் இரண்டு: பங்குனி, சித்திரை ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மற்றது. இரண்டுமே பருவக்காற்று மாறும் இடைக்காலங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்றுப் பலம்தான், ஆனால் அது சொல்லிவிட்டு வீசுகிற காற்று. திசை மாறாது. இடைக்காலத்தில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். அந்த அமைதியை நம்பித்தான் புதியவர்கள் படகை எடுக்கிறார்கள். காலையில் வெயில் எரிக்கும், மத்தியானம் புழுங்கும், வன்னிப் பக்கம் முகில் அடுக்கடுக்காக எழும்பும். அதன் அடி கறுத்துத் தட்டையாகி, உச்சி குடை விரித்தாற்போலப் பரவினால் அது இடிமுகில். பின்னேரமோ முன்னிரவிலோ உங்களைத் தேடி வரக்கூடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடும் மின்னல் எச்சரிக்கை விட்ட நாளில் பிள்ளைகளோடு கடலில் தங்காதீர்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் மத்திய அலை வாங்கும் பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று படகில் இருப்பது நல்லது. எங்காவது மின்னினால் அது கரகரக்கும். கரகரப்பு நெருக்கமாகிக்கொண்டு வந்தால் முகிலும் நெருங்குகிறது. இரவில் சத்தமில்லாமல் அடிவானம் மின்னுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த வெளிச்சம் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் தெரியும். முழக்கம் காதில் விழுகிறதென்றால்தான் கதை வேறு. முழக்கம் கேட்கிற தூரத்தில் இருக்கிற முகில் உங்கள் மேல் மின்னலை இறக்கக்கூடிய தூரத்திலும் இருக்கிறது.

படகு கரையில் இருக்கும்போதே

பாய்மரம் மின்னலை எங்கிருந்தோ இழுத்து வருவதில்லை. முகிலிலிருந்து இறங்கும் மின்கீற்று தண்ணீருக்குச் சில பத்து மீற்றர் உயரத்துக்கு வந்த பிறகு, கீழே உயரமாக நிற்கும் பொருளிலிருந்து ஒரு பொறி மேலே எழுந்து அதைச் சந்திக்கிறது. இரண்டும் தொட்டவுடன் முப்பதாயிரம் அம்பியர் அளவு மின்சாரம் அந்த வழியால் பாயும். அது போய்ச்சேர வேண்டிய இடம் கடல். பாய்மரத்தின் அடியிலிருந்து கடலுக்கு நல்ல வழி இருந்தால் அந்த வழியே போய்விடும். இல்லாவிட்டால் தானே வழி செய்துகொள்ளும். பைபரைத் துளைத்துக்கொண்டு போகலாம், படகின் உடலில் கடல்நீர் வந்துபோகும் துளையில் பூட்டிய வால்வைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், பாய்மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கூடாகவும் போகலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மரப் பாய்மரங்களை மின்னல் பிளந்து தள்ளிய காலத்தில் வில்லியம் ஸ்நோ ஹாரிஸ் என்பவர், பாய்மரத்தின் நீளத்துக்கும் செப்புத்தகடு பதித்து அடிவழியாகக் கடலுக்கு இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். டார்வினை ஏற்றிக்கொண்டு 1831 இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் அந்த ஏற்பாடு இருந்தது. வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டும் ஓடாவிகள் 1930 இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எட்டு வருடம் கழித்து அமெரிக்காவின் குளோசெஸ்டர் வரை போய்ச்சேர்ந்தது. அதன் பாய்மரங்கள் மரம். நனைந்த மரத்தில் மின்னல் பாய்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஒரு கணத்தில் ஆவியாகி மரத்தை வெடிக்க வைக்கும். நம்முடைய பாய்மரம் அலுமினியம், அதுவே நல்ல கடத்தி. நாம் செய்ய வேண்டியது அதன் அடியைக் கடலோடு சேர்ப்பது மட்டும்தான்.

படகு கட்டுகிறவரிடமோ திருத்துகிறவரிடமோ இப்படிக் கேளுங்கள். பாய்மரத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கேபிள் வரவேண்டும். குறுக்குவெட்டு 21 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அது முடிந்த மட்டும் நேராக இறங்கி, படகின் அடியில் தண்ணீருக்குள் பதித்த செப்புத்தகட்டில் முடியவேண்டும். தகடு ஒரு அடிக்கு ஒரு அடி, ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு. உப்புத்தண்ணீருக்கு இந்த அளவு. படகின் அடியில் நீளவாட்டில் வெளியே தெரியும் ஏரா ஈயத்திலோ இரும்பிலோ இருந்தால் கேபிளை அதிலேயே பூட்டலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளையும் அதே வழியோடு இணைக்கவேண்டும். கேபிளைச் செங்கோணமாக மடிக்க விடாதீர்கள், ஒரு சாண் ஆரத்துக்குக் குறையாமல் வளைந்து போகட்டும். கூர்மையான மடிப்பில் மின்னல் கேபிளை விட்டுக் குதித்துவிடும். இணைப்புகளை நட்டுப் போட்டு இறுக்குவது நல்லது. ஈயப்பற்று மட்டும் வைத்தால் அந்தச் சூட்டில் உருகிப்போகும்.

இதெல்லாம் மின்னல் விழாமல் தடுக்காது. விழுந்தால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும், படகில் ஓட்டை விழும் வாய்ப்பைக் குறைக்கும். பாய்மர உச்சியில் தூரிகை போல ஒன்றைப் பூட்டினால் மின்னல் கிட்டவே வராது என்று விற்பவர்கள் உண்டு. அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள், அந்தக் காசுக்கு நல்ல செப்புக் கேபிள் வாங்கலாம். கம்பியில் சங்கிலியைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று பட்டும் படாமலும் இருப்பதால் சங்கிலி நல்ல கடத்தி ஆகாது.

ஒவ்வொரு கடல்நீர் வால்வுக்கும் பக்கத்தில் அதன் துளைக்குப் பொருந்தும் மரஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். மலிவான வேலை, பத்து நிமிடத்தில் முடியும்.

நங்கூரம் போடும்போதே

பாய்ப்படகுக்காரர் மின்னலுக்குப் பயப்படுகிற அளவுக்குக் காற்றுக்குப் பயப்படுவதில்லை. ஆனால் இடிமழையில் ஒவ்வொரு முறையும் உங்களைச் சோதிப்பது காற்றுத்தான். முகிலிலிருந்து குளிர்காற்று கீழே விழுந்து தண்ணீரில் பரவுகிறது, அதனால் அது முகில் இருக்கும் திசையிலிருந்து வரும். அதுவரை வீசிய காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாலையில் உங்களுக்கு மறைப்பாக இருந்த கரை இரவில் நீங்கள் மோதப்போகும் கரையாக மாறலாம்.

ஆகவே நங்கூரம் போடுமுன் நாலு திசையையும் பாருங்கள். எந்தப் பக்கம் சுழன்றாலும் பின்னால் என்ன இருக்கிறது? நம் கடல்நீரேரியில் களங்கண்டித் தடிகள், வலைகள், முழங்கால் ஆழத் திட்டுகள் எல்லாம் உண்டு. தடிகள் இரவில் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்து மீனவரைக் கண்டால் கேட்டுவிடுங்கள். "அண்ணை, இதிலை நங்கூரம் பிடிக்குமோ?" என்று கேட்டால் எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறை) என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். எந்த வரைபடத்திலும் அது இவ்வளவு துல்லியமாக இருக்காது.

அடித்தரையைப் பாருங்கள். வெளிர்நிறமாகத் தெரிவது மணல், கருமையாகத் தெரிவது பெரும்பாலும் சாதாளை என்கிற கடற்புல். சாதாளைக்கு மேல் விழுந்த நங்கூரம் புல்லை வாரிக்கொண்டு வழுக்கும். மணல் திட்டைத் தேடி அதில் போடுங்கள். மீன்பிடி வள்ளங்களில் இருக்கும் நாலுகை நங்கூரம் பாருக்கு நல்லது, மணலில் உழுதுகொண்டு போய்விடும். கலப்பை வடிவத்திலோ அகன்ற தட்டு வடிவத்திலோ உள்ளது மணலுக்கும் சேற்றுக்கும் வேண்டும்.

அடுத்து நீளம். நான் கோட்டைவிட்டது இதில்தான். தண்ணீரின் ஆழம் 3 மீற்றர், தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரம் 1 மீற்றர், கூட்டினால் 4. நல்ல காலநிலைக்கு அதன் ஐந்து மடங்கு, 20 மீற்றர். இடிமழை வரலாம் என்றால் ஏழு மடங்கு, 28 மீற்றர். அன்று நான் விட்டிருந்தது 15. நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும், அதனால் கணக்கு அவ்வளவாக மாறாது, இருந்தாலும் பெருக்கத்து ஆழத்தை வைத்தே கணக்கிடுங்கள். நீளமாக விட்டால்தான் சங்கிலி தரையோடு படுத்து நங்கூரத்தைக் கிடையாக இழுக்கும். குட்டையாக விட்டால் அது மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கும். சங்கிலியில் ஐந்து மீற்றருக்கு ஒரு நிறம் பூசி வைத்தால் இருட்டில் டோர்ச் அடித்தே எண்ணிவிடலாம்.

போட்டவுடன் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, சங்கிலி இறுகிப் படகு அசையாமல் நிற்கிறதா பாருங்கள். கரையில் இரண்டு அடையாளம் எடுங்கள். பகலில் தேவாலயக் கோபுரமும் அதற்கு முன்னால் ஒரு பனையும் போதும். இரவுக்குச் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு வேண்டும். முன்னதும் பின்னதும் ஒரே கோட்டில் நிற்கும்வரை நீங்களும் நிற்கிறீர்கள். முடிந்தால் முகக்கண்ணாடி போட்டுக் குதித்து, நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும்.

முழக்கம் கேட்டவுடன்

எங்கள் படகில் இந்த வேலை மகளுடையது. மின்னலைக் கண்டவுடன் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்குவாள், முழக்கம் கேட்டவுடன் நிறுத்துவாள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது வந்தால் பத்துக் கிலோமீற்றர். முப்பதுக்குக் குறைந்தால் எல்லோரும் உள்ளே. அதுதான் எல்லை. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தால் பயம் பாதி போய்விடும் என்பதையும் அந்த எண்ணிக்கையில்தான் கண்டேன்.

அதற்கு முன் மேல்தட்டு வேலை. முதலில் நங்கூரம். சங்கிலியையோ கயிற்றையோ இன்னும் நீளமாக விடுங்கள், கயிறு உரசும் இடத்தில் பழைய குழாய்த்துண்டோ சாக்கோ சுற்றிக் கட்டுங்கள். வெயிலுக்குக் கட்டிய கூடாரத் துணியை அவிழ்த்து உள்ளே போடுங்கள். காற்று அதைப் பாயாக்கிப் படகை இழுத்துக்கொண்டு போகும். சுருட்டிய பாய்களை மேலும் இரண்டு சுற்றுக் கயிறு போட்டு இறுக்குங்கள். எஞ்சினைத் தொடக்கிப் பாருங்கள், ஓடுகிறதென்றால் நிறுத்திவிடலாம், ஆனால் தொடங்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். நீந்துகிறவர்கள் மேலே ஏறவேண்டும். சின்ன வள்ளத்தைப் பின்னால் நீளமாகக் கட்டியிருந்தால் கிட்ட இழுத்துக் கட்டுங்கள். எல்லோரும் லைஃப் ஜக்கெற் போடட்டும், உள்ளே இருக்கும்போதும்.

பிறகு உள்ளே. வானொலித் தொடர்புக் கருவியிலிருந்து அன்ரெனாக் கேபிளைக் கழற்றி, அதன் முனையைக் கருவிக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள். தேவையில்லாத மின்கருவிகளின் இணைப்பைப் பிடுங்குங்கள். ஆளி போட்டு நிறுத்தினால் மட்டும் போதாது, இந்த மின்சாரம் ஆளியைத் தாண்டிவிடும்.

பிஸ்கற் வரும் பெரிய தகரப்பெட்டி ஒன்றை இதற்கென்றே படகில் வைத்திருக்கிறோம். அடியில் ஒரு பழைய துவாய். அதற்குள் கைவானொலி, ஜிபிஎஸ், மனைவியின் போன், மகன் கேம் விளையாடும் சிலேட்டு. எதுவும் தகரத்தில் படாமல் துவாயால் சுற்றி மூடியை இறுக்க அழுத்தவேண்டும். நாலு பக்கமும் உலோகம் சூழ்ந்த பெட்டிக்குள் மின்னலின் தாக்கம் போவது குறைவு. படகில் அடுப்போடு சேர்ந்த உலோக அவன் இருந்தால் அதுவும் உதவும். ஒரு பழைய போன் மட்டும் வெளியே, நங்கூர எச்சரிக்கைச் செயலி அதில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியை மூடுமுன் நீங்கள் நிற்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைத் தாளில் எழுதி வையுங்கள். உதவிக்குக் கூப்பிட நேர்ந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

திறந்த வள்ளத்தில் பாய் கட்டிப் போகிறவர்களுக்கு உள்ளறை கிடையாது. கரை கிட்டவென்றால் கரைக்குப் போய்விடுவதே வழி. போக முடியாவிட்டால், மின்னல் நெருங்குமுன் பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்துங்கள், தூண்டில் தடிகளையும் படுக்க வையுங்கள். நடுவில், முடிந்த அளவு தாழக் குந்தியிருங்கள். கை தண்ணீரில் படக்கூடாது.

தலைக்கு மேல் வந்துவிட்டால்

உள்ளே எங்கே இருப்பது என்பதை முன்பே தீர்மானியுங்கள். எங்கள் பாய்மரத்தின் தாங்குகால் உள்ளறையின் நடுவில் நிற்கிறது. மழைக்குளிருக்கு எல்லோரும் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் இயல்பு, அதுதான் மிக மோசமான இடமும். அதிலிருந்தும், பக்கக்கம்பிகள் படகின் உடலில் பூட்டிய இடங்களிலிருந்தும், நங்கூரச் சங்கிலி கிடக்கும் முன்பகுதியிலிருந்தும் ஒரு மீற்றருக்காவது, முடிந்தால் இரண்டு மீற்றருக்குத் தள்ளி இருங்கள். மின்னல் ஒரு உலோகத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கும்போது நடுவில் மனித உடல் இருந்தால் அதைப் பாலமாக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு உலோகப் பொருள்களை ஒரே நேரத்தில் தொடவே கூடாது. ஒரு கை அடுப்பில், மறு கை ஏணிப்பிடியில் என்று நிற்பது எவ்வளவு இயல்பாக நடந்துவிடும் என்பதை ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

நகை பற்றிக் கேட்பார்கள். சங்கிலியோ தாலிக்கொடியோ மின்னலை இழுக்காது. ஆனால் மின்சாரம் உடலில் பட்டால் அந்த இடத்தில் சுட்டுவிடும். கழற்ற முடிந்தவற்றைக் கழற்றுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவரை வற்புறுத்தவேண்டாம், கையைக் கம்பியிலிருந்து எடுத்தாரா என்று பாருங்கள்.

நங்கூரம் இழுபட்டால் என்ன செய்வது? இதற்குத்தான் எஞ்சினைத் தொடக்கிப் பார்க்கச் சொன்னேன். அணியத்துக்குப் போகாதீர்கள். சுக்கானில் ஒருவர் மட்டும் இருந்து, காற்றுக்கு முகம் கொடுத்து, எஞ்சினை மெல்ல முன்னோக்கி ஓட்டிச் சங்கிலியின் பாரத்தைக் குறைக்கவேண்டும். சங்கிலியை முந்திக்கொண்டு ஓடக்கூடாது. சுக்கான் உலோகச் சில்லாக இருந்தால் ஒரு கையால் மட்டும் பிடியுங்கள், மற்றக் கை மடியில் இருக்கட்டும். முதல் அடி பெரும்பாலும் மிகப் பலமானது, அந்தப் பத்து இருபது நிமிடத்தைத் தாண்டினால் காற்று தளரும்.

பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். "அப்பா, எங்கடை பாய்மரத்திலை அடிக்குமோ?" என்று மகன் அன்று கேட்டான். அடிக்காது என்று சொல்ல என்னால் முடியவில்லை. "அடிச்சாலும் அது செம்புக் கம்பியாலை கடலுக்குப் போயிடும், குஞ்சு. நீ இதிலையே இரு, ஒண்டையும் தொடாதை" என்று இப்போது சொல்கிறேன், கம்பி உண்மையாகவே இருக்கிறபடியால். அன்று இருக்கவில்லை. அம்மம்மா முழக்கம் கேட்டால் "அருச்சுனா, அருச்சுனா" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை வாசலிலிருந்து உள்ளே இழுப்பா. நாங்களும் சொல்கிறோம், மகள் எண்ணுகிற இடைவெளியில்.

கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் உள்ளேயே இருங்கள். மழை விட்டது, நட்சத்திரம் தெரிகிறது என்று வெளியே வருகிறவர்களைத்தான் பின்னால் வரும் மின்னல் பிடிக்கும்.

விழுந்தே விட்டால்

முதலில் ஆட்கள். எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். காது அடைத்திருக்கும், கண் கூசியிருக்கும், ஆகவே தொட்டுப் பாருங்கள். மின்னல் பட்டவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, பயமில்லாமல் தொடலாம். ஒருவருக்கு மேல் விழுந்து கிடந்தால் முனகுகிறவரை விட்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மின்னலில் இதயம் நின்றாலும் தானாகத் திரும்பத் துடிக்கத் தொடங்குவதுண்டு, ஆனால் மூச்சு அதைவிட நேரம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் மூச்சுக் கொடுத்தால் ஆள் பிழைக்கலாம். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இதை வாசித்துப் பழக முடியாது, குடும்பத்தில் இரண்டு பேராவது முதலுதவி வகுப்புக்குப் போய்வாருங்கள்.

அடுத்தது தண்ணீர். தரைப்பலகையைத் தூக்கி டோர்ச் அடியுங்கள். அடியில் தண்ணீர் நின்றால் விரலை நனைத்து நாக்கில் வையுங்கள். உப்பில்லையென்றால் மழைத்தண்ணீர். உப்பென்றால் எங்கோ ஓட்டை. வால்வுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள், பெயர்ந்த இடத்தில் மரஆப்பை அடித்து இறுக்குங்கள். பைபரில் விழும் துளைகள் ஊசிமுனை அளவிலும் இருக்கும், பெரும்பாலும் தண்ணீர் மட்டத்தை ஒட்டி. ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் பாருங்கள். அதோடு மூக்கால் தேடுங்கள். கருகிய வாசம் பலகைக்குப் பின்னாலிருந்து வந்தால் பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தீயணைப்பானைக் கையில் எடுங்கள்.

உதவி வேண்டுமென்றால் தகரப்பெட்டியைத் திறந்து கைவானொலியில் அவசர அழைப்புக்கான அலைவரிசை 16. "மேடே" என்ற ஆபத்து அழைப்பு மூன்று தடவை, படகின் பெயர், தாளில் எழுதிய இடம், எத்தனை பேர், என்ன நடந்தது. போன் எடுத்தால் அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. எந்த இறங்குதுறைக்கு வருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்புலன்ஸ் அங்கே வந்து நிற்கட்டும்.

விடிந்து கரைக்குத் திரும்பும்போது திசைகாட்டியை நம்பாதீர்கள். மின்னல் அதைத் திருப்பிவிட்டிருக்கலாம். தெரிந்த இரண்டு அடையாளங்களை வைத்துச் சரிபார்த்த பிறகே அதைப் பாருங்கள். பாய் விரிக்கவேண்டாம், கம்பி முனைகள் உள்ளே உருகியிருந்தால் வெளியே தெரியாது. எஞ்சினில் மெல்ல வாருங்கள். வந்ததும் படகைக் கரையேற்றி அடிப்பக்கத்தைச் சாண் சாணாகப் பார்க்கவேண்டும். பார்த்தபோது நன்றாக இருந்த மின்கருவி பல கிழமை கழித்துச் செத்துப்போவதும் உண்டு.

படகில் ஒரு கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு இடிமழைக்கும் நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதுங்கள். இரண்டு மூன்று பருவம் போனால் உங்கள் நங்கூர இடத்துக்கு எந்த மூலையிலிருந்து காற்று வரும், முழக்கம் கேட்டு எவ்வளவு நேரத்தில் வரும் என்று அந்தக் கொப்பி சொல்லிவிடும். போன ஐப்பசியில், அதே வேலணைக் கரைப்பக்கம், மகளின் கையெழுத்தில் இருப்பது இது:

"5.40 முதல் முழக்கம், பூநகரிப் பக்கம். 5.55 சங்கிலி 30 மீற்றர், பாய் கட்டியாச்சு, பெட்டி மூடியாச்சு. 6.05 எண்ணினது 28, எல்லாரும் உள்ளுக்கு. 6.20 காற்று, தென்கிழக்கு. 7.15 கடைசி முழக்கம். 7.45 வெளியிலை வந்தம். கோபுரத்துச் சிவப்பு விளக்கு பழைய நேரிலையே நிக்குது."